இரட்டையர் ஆட்டம்

மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை ஒன்று கேட்டபொழுது, தமிழாசிரியர் ஆதலின் சங்க நூலிலிருந்தோ கம்பனிலிருந்தோ ஏதேனும் எழுதித் தருவார் என்றே எண்ணியிருப்பர். அவர்தம் எண்ணத்தை முற்றாகப் பொய்ப்பித்தல் எம் கருத்தன்று. எனினும் இம்முறை எம் மனத்தைப் பற்றி நிற்பது ஒரு பந்தாட்டம். 2024 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் நடந்தேறிய ரெனிஸ் பெரும்போட்டியின் ஆடவர் இரட்டையர் பிரிவே அது. பழைய மாணவர் சிலர் இவ்விடத்திலேயே ஏட்டைப் புரட்டிக் கிரிக்கெற் பக்கத்தைத் தேடவுங் கூடும். அன்னோர் சிறிது பொறுத்தருள்க.

எம் கல்லூரி மண்டபத்துச் சுவரிலே தொங்கும் பலகைகளை அறியாதார் இலர். முதன்மை மாணவர் இன்னார், விளையாட்டுத் தலைவர் இன்னார், பொற்பதக்கம் பெற்றோர் இன்னார் என ஆண்டுக்கு ஒரு வரியும் வரிக்கு ஒரு பெயருமாக அவை எழுதப்பட்டுள்ளன. அப்பலகைகளின்கீழ் நின்று பல்லாண்டு வகுப்பெடுத்துவரும் எமக்கு, ஒரு வரியில் இரு பெயர் ஏன் எழுதப்படுவதில்லை என்னும் வினா இடையிடையே எழுவதுண்டு. மெல்பேர்ண் ஆட்டத்தைக் கண்ட நாள்தொட்டு அவ்வினா எம்மை விட்டகன்றிலது.

தமிழிலே எண் இரண்டு, ஒருமையும் பன்மையும். வடமொழியார் இவற்றுக்கிடையே இருமை என்றொன்று வைத்திருக்கின்றனர். இருவரைக் குறிக்க அவர்க்குத் தனி விகுதியே உண்டு. நமக்கு ஒன்றைத் தாண்டினால் எல்லாம் பலவே. ஆயினும் இரண்டின் தன்மையை நம் இலக்கணகாரர் அறியாதிருந்தார் என்று கொள்ளற்க. இரட்டைக்கிளவி, அடுக்குத்தொடர் என இரண்டை வகுத்து வைத்தனர். ‘சலசல’ என்பது இரட்டைக்கிளவி. பிரித்தாற் பொருள் தாராது. ‘வருக வருக’ என்பது அடுக்குத்தொடர். பிரித்தாலும் ஒவ்வொன்றும் பொருள் தரும். ரெனிஸ் ஆட்டத்தின் இணையர் இவ்விரண்டில் எவ்வகையினர் என்று வகுப்பிலே ஒருநாள் வினவினோம். ஒரு மாணவன் எழுந்து, “ஆளைப் பொறுத்தது, சேர்” என்றான். யாம் பாடப்புத்தகத்தில் எதிர்பார்த்த விடை அதுவன்று; எனினும் அதனினும் நல்ல விடை இன்றுவரை எமக்குக் கிடைத்திலது.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சொல்லுதல் வேண்டும். ஆடுகளத்தின் நீளம் 78 அடி. ஒருவரை ஒருவர் எதிர்த்தாடும்போது அகலம் 27 அடி. இருவரிருவராக ஆடும்போது பக்கத்துக்கு நாலரை அடி கூட்டி அகலம் 36 அடியாகின்றது. ஆட்கள் இரு மடங்காகின்றனர். நிலமோ மூன்றிலொரு பங்கே பெருகுகின்றது. ஆகவே ஓடித் தேடும் தொழில் குறைய, கூடி நிற்கும் தொழில் கூடுகின்றது. ஒருவன் பின்கோட்டில் நின்று சேர்விஸ் செய்வான். மற்றவன் வலையருகே, முதுகை அவனுக்குக் காட்டிக் குனிந்து நிற்பான். வலையருகே நிற்பவன் தன் கையை முதுகின் பின்னே வைத்து, எதிரிகள் காணாவண்ணம் விரல்களாற் சைகை செய்வான். தான் நின்ற இடத்தில் நிற்பதா, குறுக்கே பாய்ந்து எதிராளி திருப்பும் பந்தை இடைமறிப்பதா என்பது அச்சைகையின் பொருள். அவன் வலப்புறம் பாய்ந்தால் பின்னவன் இடப்புறம் ஓடி, அவன் விட்ட நிலத்தைக் காத்தல் வேண்டும். பாய்ந்தவன் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் பந்து போய்விடும்.

இதை எழுதும்போது இரட்டைப்புலவர் நினைவு வருகின்றது. இளஞ்சூரியர், முதுசூரியர் என்னும் அவ்விருவருள் ஒருவர் முடவர், மற்றவர் குருடர். குருடர் முடவரைத் தோளிற் சுமப்பார். சுமக்கப்பட்டவர் வழி சொல்லுவார். வெண்பாவை ஒருவர் தொடங்க மற்றவர் முடிப்பார் என்பது வழிவழி வந்த செய்தி. தில்லைக் கலம்பகம் அவர் பாடியது. அதில் எந்த அடி எவருடையது என்று ஆராய்ந்தார் எவரையும் யாம் கேட்டிலேம். ஆராயத் தேவையும் இல்லை. ரெனிஸ் இணையரும் ஏறக்குறைய அந்நிலையினரே. முன்னவனுக்கு எதிரியின் கண் தெரியும். தன் துணைவன் தெரியான். பின்னவனுக்குக் களம் முழுதும் தெரியும். வலையருகே கை எட்டாது.

மெல்பேர்ணில் வென்ற இணையர் இந்தியராகிய ரோகன் போபண்ணாவும் அவுஸ்திரேலியராகிய மத்தியூ எப்டனும் ஆவர். போபண்ணா 1980 மார்ச் 4 இற் பிறந்தவர். குடகு நாட்டுக் காப்பித் தோட்டக்காரர் ஒருவரின் மகன். எப்டன் 1987 இல் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரிற் பிறந்து, அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகரத்தவரானார். ஒருவர்க்கு அப்போது நாற்பத்து மூன்று முடிந்து நாற்பத்து நான்கு நெருங்குகின்றது, மற்றவர்க்கு முப்பத்தாறு. உடல்வலியால் வெல்லும் ஆட்டங்களில் இவ்வகவையினர் பெரும்பாலும் பயிற்றுநராகவோ வர்ணனையாளராகவோ இருப்பர்.

போபண்ணாவின் வரலாற்றில் எம்மைத் தடுத்து நிறுத்துவது அவர் ஒற்றையர் தரவரிசையில் எட்டிய மிக உயர்ந்த இடம். அது 213, 2007 ஆம் ஆண்டிற் கிடைத்தது. தனியே நின்றபோது இருநூறுபேர்க்குள் அவர் வந்ததில்லை. இன்னொருவரோடு நின்றபோது உலகின் முதலிடத்தை அடைந்தார். அப்படியாயின் அவர் முதல்வரா, இருநூற்றுப் பதின்மூன்றாமவரா? பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டி ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் எண்ணை எழுதிக் கொடுக்கும் தொழிலில் இருக்கும் எமக்கு இவ்வினா விளையாட்டாகத் தோன்றவில்லை. ஒருவன் தனியே பெறும் எண் அவனைப் பற்றிய உண்மையில் ஒரு பகுதியே. மற்றப் பகுதியை அளக்கும் கோல் எம்மிடத்தில் இல்லை.

அவர்க்கு வாய்த்த துணைவர் பலர். 2010 இல் பாகிஸ்தானியராகிய ஐசாம் உல் ஹக் குறைசியோடு ஐக்கிய அமெரிக்கப் பெரும்போட்டியின் இறுதியாட்டம்வரை சென்றார். இரு நாடுகளின் ஐக்கிய நாடுகள் சபைத் தூதுவர்களும் அன்று பார்வையாளர் இருக்கையில் அருகருகே அமர்ந்திருந்தனர். பொப், மைக் என்னும் பிறையன் சகோதரர்கள் அவ்வாட்டத்தை இரண்டு செற்களிலும் சமன்முறியில் வென்றனர். பின்னர் மகேஷ் பூபதி, உருகுவே நாட்டுக் குவேவஸ், ருமேனியாவின் மேர்ஜேயா, கனடாவின் ஷப்போவலொவ், ஒல்லாந்தின் மிடெல்கூப் எனத் துணைவர் மாறிக்கொண்டே இருந்தனர். 2017 இல் சென்னைப் போட்டியை அந்நகரத்துத் தமிழர் ஜீவன் நெடுஞ்செழியனோடு சேர்ந்து வென்றார். அவ்வாண்டே கனடிய வீராங்கனை கபிரியேலா டப்ரவ்ஸ்கியோடு பிரெஞ்சுப் பெரும்போட்டியின் கலப்பு இரட்டையர் பட்டத்தையும் பெற்றார். ஆடவர் இரட்டையரிற் பெரும்பட்டம் மட்டும் கைகூடவில்லை.

2021 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஐந்து மாதங்கள் ஓர் ஆட்டமேனும் அவர் வென்றிலர். முழங்கால் மூட்டுகளின் குருத்தெலும்பு தேய்ந்து போயிற்று. இனி விளையாட்டை விட்டுவிடுகின்றேன் என்று தம் மனைவிக்குக் காணொளிச் செய்தி அனுப்பியதாகப் பின்னர் வெற்றி மேடையில் அவரே கூறினார். ஐயங்கார் யோகப் பயிற்சியால் முழங்கால்களுக்கு ஓரளவு தேற்றம் வந்தது. எம் பெரியோர் சொல்லிவந்த யோகாசனத்துக்கு ரெனிஸ் ஆடுகளத்திலிருந்து சான்று கிடைக்கும் என்று யாம் எதிர்பார்த்ததில்லை. காலை ஒன்றுகூடலில் நிமிர்ந்து நில்லாத மாணவர்க்கு இதனை ஒருமுறை சொல்லிப் பார்த்தோம். பலன் பெரிதாக இல்லை.

எப்டனோடு அவர் சேர்ந்தது 2023 இல். எப்டன் அதற்கு முந்திய ஆண்டு மக்ஸ் பேர்செல் என்னும் தம் நாட்டவரோடு விம்பிள்டன் பட்டம் பெற்றவர். சேர்ந்த ஆண்டிலேயே இருவரும் இந்தியன் வெல்ஸ் போட்டியை வென்றனர். ஐக்கிய அமெரிக்கப் பெரும்போட்டியின் இறுதியாட்டத்தில் ராஜீவ் ராம், ஜோ சோல்ஸ்பரி இணையரிடம் தோற்றனர். அவ்விறுதியாட்டத்தின் நடுவே பந்து போபண்ணாவின் கையை மெல்ல உராய்ந்து வலைக்கு அப்பாற் சென்றது. நடுவர் அதைக் கண்டிலர். போபண்ணா தாமே சென்று சொல்லிப் புள்ளியை எதிரிகளுக்குக் கொடுத்தார். இதனைப் போற்றிப் பலர் எழுதினர். எம் கண் சென்றதோ எப்டன்பால். கொடுக்கப்பட்ட புள்ளி இருவர்க்கும் உரியது, கொடுத்தவர் ஒருவர். எப்டன் அதனை எதிர்த்து நின்றதாக எவரும் எழுதவில்லை. இணையரின் அறம் ஒருவன் அறத்தினும் அரியது என்று தோன்றுகின்றது. தன் நேர்மைக்குத் தான் விலை கொடுப்பது ஒன்று. துணைவன் நேர்மைக்குத் தான் விலை கொடுப்பது வேறொன்று.

மெல்பேர்ணுக்கு வருவோம். 64 இணையர் கொண்ட நிரலில் இவர்கள் இரண்டாந் தரத்தினர். பட்டம் பெற ஆறு ஆட்டங்களை வெல்லல் வேண்டும். முதலாட்டத்திலேயே கதை முடிந்திருக்கக் கூடும். அவுஸ்திரேலியராகிய டக்வேர்த், போல்மன்ஸ் இருவரும் ஆட்டத்தை மூன்றாஞ் செற்றின் இறுதிச் சமன்முறிவரை இழுத்துச் சென்றனர். அச்சமன்முறியில் முதலிற் பத்துப் புள்ளி பெறுவோர் வெல்வர். போபண்ணாவும் எப்டனும் பத்துக்கு இரண்டாக அதனை வென்றனர். இரண்டாஞ் சுற்று எளிது. மூன்றாஞ் சுற்றில் கூல்கொவ், மெக்திச் என்னும் பேரனுபவசாலிகளை இரண்டு சமன்முறிகளில் வென்றனர். காலிறுதியில் ஆர்ஜென்ரீனாவின் கொன்சாலெஸ், மொல்தேனி இணையரை வென்றபோது, உலகத் தரவரிசையின் முதலிடம் போபண்ணாவுக்கு உறுதியாயிற்று. அதற்குமுன் ராஜீவ் ராம் முப்பத்தெட்டு வயதில் முதலிடம் எய்தியதே வியப்பாகப் பேசப்பட்டது. அரையிறுதியில் செக் நாட்டு மகாச்சும் சீனத்துச் சாங்கும் மீண்டும் இறுதிச் சமன்முறிவரை கொண்டுசென்றனர். பத்துக்கு ஏழாகத் தப்பினர்.

எமக்கு இப்போட்டியின்மேற் கண் சென்றதற்கு ஒரு காரணம் உண்டு. எம்மோடு பல்லாண்டு தமிழ் கற்பித்த நண்பர் ஒருவர் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாடு நீங்கி மெல்பேர்ணிற் குடியேறினார். பத்தாந் தரம், பதினொராந் தரம் இரண்டிலும் யாமிருவரும் வகுப்புகளைப் பிரித்துக்கொள்ளாது பாடத்தைப் பிரித்துக்கொண்டோம். இலக்கணம் எம் பங்கு. செய்யுளும் உரைநடையும் அவர் பங்கு. அவர் கம்பராமாயணப் பாடலை நடத்தும்போது ஒரு வேற்றுமைத்தொகை வந்தால், “அதை அடுத்த பாடவேளையிற் கேளுங்கள்” என்று விட்டுவிடுவார். மாணவர் எம்மிடம் வரும்போது அவர் விட்டது இன்னதென யாம் அறிந்திருப்போம். ஆசிரியர் ஓய்வறையில் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாக நினைவில்லை. அவர் சென்றபின் அவ்வாண்டு முழுவதும் இரண்டு பாடத்தையும் யாமே நடத்தினோம். ஒற்றையர் ஆட்டம் ஆடினோம் என்க. பெறுபேறு குறையவில்லை. ஆனால் வகுப்பிலே யாம் ஒரு வினாவை விட்டுவைப்பதற்கு அப்பால் ஆளில்லை.

அந்நண்பர் அவ்வாண்டுச் சனவரியில் வெளிக்களங்களுக்கான நுழைவுச்சீட்டை வாங்கிக்கொண்டு ஒருநாள் போட்டி பார்க்கச் சென்றிருந்தார். இரவு தொலைபேசியில் அழைத்தார். “மாஸ்ரர், ரீவியிலை பந்தைத்தான் காட்டுறாங்கள். இங்கை நேரை பாத்தால், பந்தில்லாத ஆள் என்ன செய்யிறான் எண்டதுதான் விளையாட்டு” என்றார். யாம் இக்கட்டுரையில் இத்தனை நேரம் சொல்ல முயன்றதை அவர் ஒரு மூச்சிற் சொல்லிவிட்டார். எப்போதும் அவர் பங்கு அதுவே. உரையாசிரியர் வேலை எம்முடையது.

இறுதியாட்டம் சனவரி 27, சனிக்கிழமை. றொட் லேவர் அரங்கில் மகளிர் ஒற்றையர் இறுதியாட்டம் முடிந்த பின்னரே இதற்கு இடம் அளிக்கப்பட்டது. அங்கே இரவு, எமக்கு மாலை. கைப்பேசியின் சிறு திரையில், இடையிடையே நின்று நின்று வரும் படத்திற் கண்டோம். எதிரே இத்தாலியராகிய சிமோனே பொலெல்லியும் அந்திரேயா வவசோரியும். அவர்கள் தரநிரலில் இடம்பெறாது வந்தவர்கள்; இழப்பதற்கு ஏதுமில்லாதார்போல் அடித்தாடினர். முதற்செற் ஆறுக்கு ஆறாகிச் சமன்முறிக்குச் சென்றது. அங்கே நடந்தது எம் நெஞ்சைவிட்டகலாது. ஏழு புள்ளிகள், ஏழும் ஒருபக்கத்துக்கே. அரங்கிலே மிக அஞ்சத்தக்க வேளையிலே இருவரும் ஒரு பந்தையேனும் விடவில்லை. இரண்டாஞ் செற்றிலும் ஐந்துக்கு ஐந்துவரை எவரும் எவர் சேர்விசையும் முறிக்கவில்லை. பதினொராவது ஆட்டத்திற் கிடைத்த ஒரு முறிப்பே ஆட்டத்தை முடித்தது. 7–6, 7–5. ஒன்றரை மணித்தியாலத்திற்குச் சற்றே கூடுதல்.

அன்று போபண்ணாவின் அகவை 43 ஆண்டும் 329 நாளும். 1968 இல் தொழின்முறையாளர்க்கும் பெரும்போட்டிகள் திறந்துவிடப்பட்ட காலந்தொட்டு, ஆடவர் இரட்டையரில் இவ்வகவையிற் பெரும்பட்டம் வென்றவர் பிறரில்லை. முன்னையோர் 2022 இல் பிரெஞ்சுப் போட்டியை நாற்பதாவது வயதில் வென்ற ஜீன் ஜூலியன் றோஜர். தமக்கு வயது நாற்பத்து மூன்று அன்று, தாம் நாற்பத்து மூன்றாம் படிநிலையில் இருப்பதாகப் போபண்ணா வேடிக்கையாகச் சொல்லிவந்தார். நாற்பதுகளில் இருக்கும் எமக்கு இது இனிக்கின்றது. ஆயினும் இளமை போகாது என்று யாம் அதிலிருந்து கொள்வதில்லை. போகும். போபண்ணாவின் ஓட்டம் குறைந்ததைப் படத்திலேயே கண்டோம். குறைந்த ஓட்டத்தை எப்டனின் கால்கள் ஈடுசெய்தன. எப்டனுக்கு வேண்டிய பெருஞ் சேர்விசையும் அமைதியையும் போபண்ணா ஈந்தார். தோளிற் சுமந்தவர் எவர், வழி சொன்னவர் எவர் என்று ஆட்டத்துக்கு ஆட்டம் மாறிற்று.

இத்தகைய ஆட்டத்துக்குக் கிடைக்கும் மதிப்பைச் சொல்லாது விட்டால் கட்டுரை முழுமையாகாது. அவ்வாண்டு மெல்பேர்ணில் ஆடவர் ஒற்றையர் வாகையர்க்கு 31,50,000 அவுஸ்திரேலிய டொலர் பரிசு. இரட்டையர் வாகையர்க்கு இருவர்க்குஞ் சேர்த்து 7,30,000. பாதியாக்கினால் ஒருவர்க்கு 3,65,000. ஒற்றையர் பரிசு எட்டு மடங்குக்கு மேல். பெரும்போட்டிகள் அல்லாத தொழின்முறைப் போட்டிகளில் இரட்டையர் ஆட்டம் 2006 முதலே சுருக்கப்பட்டுவிட்டது. மூன்றாஞ் செற்றுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளிச் சமன்முறி, நாற்பதுக்கு நாற்பதானால் ஒரே புள்ளியில் தீர்ப்பு. விம்பிள்டனும் 2023 இல் ஆடவர் இரட்டையரை ஐந்து செற்றிலிருந்து மூன்றாக்கிற்று. பார்வையாளர் ஒற்றையரையே நாடுகின்றனர், காலம் போதாது என்று போட்டி நடத்துவோர் கூறும் நியாயம் எமக்கு விளங்காமலில்லை. எனினும் அரிசி விலை பேசுபவன் சோற்றின் சுவையைப் பேசுகிறான் என்று யாம் கொள்ளோம்.

ஒற்றையரிற் பெரியோர் ஒருகாலத்தில் இரட்டையரும் ஆடினர். ஜோன் மக்கென்றோ தம் நண்பர் பீற்றர் பிளெமிங்கோடு ஏழு பெரும்பட்டங்கள் வென்றார். உலகின் மிகச்சிறந்த இணையர் யாரென்று கேட்டால் மக்கென்றோவும் வேறு எவரேனும் ஒருவரும் என்னும் நகைச்சொல் பிளெமிங்கின் வாயிலிருந்தே வந்ததாகக் கூறுவர். பிளெமிங் ஒற்றையரில் உலகின் எட்டாம் இடம்வரை சென்ற வீரர். அவ்வளவு வல்லார் தம்மை ‘எவரேனும் ஒருவர்’ என்று சொல்லிக்கொள்வதற்கு வேண்டிய உளப்பாங்கை எம் பலகைகளின்கீழ் யாம் வளர்த்துவிடவில்லை.

பிறையன் சகோதரர் வேறுவகையினர். ஒரே கருவில் உதித்த இரட்டையர். ஒருவர் வலக்கையர், ஒருவர் இடக்கையர். சேர்ந்து 16 பெரும்பட்டங்களும் மொத்தத்தில் 119 பட்டங்களும் பெற்றனர். இவரே இரட்டைக்கிளவி என்று வகுப்பிற் சொல்லியிருந்தோம். ஆயின் 2018 இல் பொப்புக்கு இடுப்பிற் காயம் உண்டாக, மைக் இளைஞராகிய ஜாக் சொக்கோடு சேர்ந்து விம்பிள்டனையும் ஐக்கிய அமெரிக்கப் போட்டியையும் வென்றார். பிரித்தபோதும் பொருள் தந்தது. எம் உதாரணம் கெட்டது. “ஆளைப் பொறுத்தது” என்ற அம்மாணவனை அன்று நினைத்துக்கொண்டோம்.

நட்பைப் பற்றி வள்ளுவர் அடுத்தடுத்து ஐந்து அதிகாரம் வகுத்தார். அவற்றுள் ‘பழைமை’ என்பது எமக்கு எப்போதும் தனித்துத் தோன்றும். நெடுநாட் பழகியவர் உரிமையாற் செய்யும் பிழையைப் பொறுத்துக்கொள்வதைப் பற்றியது அது. மாணவர்க்கு அவ்வதிகாரம் சுவைப்பதில்லை. பதினைந்து வயதினர்க்குப் பழைமை ஏது? இரட்டையர் ஆட்டத்தை உற்றுப் பார்த்தால் அதன் உரை கிடைக்கும். துணைவன் எளிதான பந்தை வலையில் அடித்துவிட்டால், அடுத்த கணம் இருவரும் கை தொட்டுக்கொள்கின்றனர். வென்ற புள்ளிக்கும் அதே கை. இழந்த புள்ளிக்கும் அதே கை. இதனைச் சடங்கு என்று தள்ளுவோரும் உளர். சடங்காகவே இருக்கட்டும். முகஞ்சுளிக்கும் நேரத்தை அச்சடங்கு எடுத்துக்கொள்கின்றதல்லவா?

மெல்பேர்ண் இணையர் நெடுங்காலம் நிலைத்தனர் என்று எழுத ஆசை, உண்மை அதுவன்று. 2024 மார்ச்சில் மயாமியிலும் வென்றனர். அவ்வாண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் நாடு வேறாதலால் எப்டன் தம் நாட்டவராகிய ஜோன் பியேர்ஸோடு ஆடித் தங்கப் பதக்கம் பெற்றார். போபண்ணா அங்கே முதலாட்டத்திலே தோற்றார். ஆண்டு முடிவில் இணை பிரிந்தது. தொழின்முறை ஆட்டத்தில் இது வழமையே. மனத்தாங்கல் என்று கொள்ள வேண்டியதில்லை. நிலையாத துணையோடு நிலையானதைப்போல் நம்பி ஆடுவதுதான் அங்கே தொழில்.

போபண்ணா 2025 நவம்பர் 1 ஆம் நாள் ஓய்வை அறிவித்தார். கடைசி ஆட்டம் பாரிஸ் போட்டியில், கசகஸ்தானின் அலெக்சாண்டர் பூப்ளிக் என்னும் புதிய துணைவரோடு. முதற்சுற்றிலேயே 5–7, 6–2, 10–8 எனத் தோற்றனர். எதிர்ப்பக்கத்து இருவருள் ஒருவர் ஜோன் பியேர்ஸ். எப்டனோடு ஒலிம்பிக் தங்கம் பெற்றவர்.

அச்செய்தியை மெல்பேர்ண் நண்பரே எமக்கு அனுப்பிவைத்தார். கீழே, வந்திருக்கும் புதிய ஆசிரியர் எப்படி என்று ஒரு வரி கேட்டிருந்தார். கல்வியியற் கல்லூரியிலிருந்து அண்மையில் வெளிவந்த இளைஞர் அவர். செய்யுட்பகுதியை அவர்பால் ஒப்புவித்தோம். முதல் மாதத்திலேயே, செய்யுளை நடத்தும்போது வேற்றுமைத்தொகையைத் தாமே விளக்கிவிட்டார். யாம் அடுத்த பாடவேளையில் அதற்கென ஆயத்தமாகச் சென்றபோது மாணவர் அதனை அறிந்திருந்தனர். சிறிது நேரம் கையிற் சுண்ணக்கட்டியோடு நின்றோம். பின்னர் அவர் விட்டிருந்த அணியிலக்கணத்தை எடுத்து நடத்தினோம். நண்பர்க்கு விடையாக, “குறுக்கே பாய்கின்றார், சைகை இன்னும் பழகவில்லை” என்று எழுதினோம்.